போர்டு டிஸ்ப்ளேவில் பேக்லைட் எரியவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்வெர்ட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர் பேனல், தராசு, வாஷிங் மெஷின், வீட்டில் செய்த ஆர்டுயினோ புராஜெக்ட் என்று எதை எடுத்தாலும் அதில் ஒரு சின்ன எல்.சி.டி. இருக்கிறது. அது இருண்டு போனால் "போர்டு போச்சு" என்று சொல்லி முழு போர்டையும் மாற்றிவிடுகிறார்கள். எழுத்தைக் காட்டும் சர்க்கியூட் வேறு, பின்னால் எரியும் விளக்கான பேக்லைட் வேறு. இரண்டும் ஒரே கனெக்டர் வழியாக வருகின்றன, அவ்வளவுதான் உறவு. விளக்குப் பக்கத்தில் இருப்பது சில எல்.ஈ.டி.கள், ஒரு ரெசிஸ்டர், ஒரு டிரான்சிஸ்டர். அதைச் சரிபார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும்.

இங்கே பெரும்பாலும் 16×2 எழுத்து டிஸ்ப்ளேவை (வரிக்கு 16 எழுத்து, இரண்டு வரி) வைத்தே பேசுகிறேன். ஹிட்டாச்சியின் எச்.டி.44780 என்ற கன்ட்ரோலர் ஐ.சி. வழிவந்த அந்த மாடல்தான் நம் கையில் அதிகம் கிடைப்பது. டச் ஸ்கிரீன், பழைய டியூப் வகை ஆகியவற்றுக்குப் பின்னால் தனியாகப் பதில் இருக்கிறது.

டிஸ்ப்ளே முழுக்க இருட்டு. போனது பேக்லைட்டா, டிஸ்ப்ளேவா?

போர்டுக்கு சப்ளை கொடுத்துவிட்டு, மொபைல் டார்ச்சை டிஸ்ப்ளேவின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் கண்ணாடியில் வெளிச்சம் திரும்பி அடித்து ஒன்றும் தெரியாது. ஓரத்திலிருந்து சாய்த்து, தலையை மேலும் கீழும் நகர்த்திப் பார்க்க வேண்டும். மங்கலாகவாவது எழுத்து தெரிந்தால் டிஸ்ப்ளே, மைக்ரோகன்ட்ரோலர் (போர்டை இயக்கும் ஐ.சி.), புரோகிராம் மூன்றும் நன்றாக இருக்கின்றன. பழுது விளக்கில் மட்டும்தான்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மஞ்சள்-பச்சைப் பின்னணியில் கறுப்பு எழுத்து வரும் பழைய வகை, பேக்லைட் இல்லாமலே பகல் வெளிச்சத்தில் படிக்கும்படி இருக்கும். நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து வரும் வகை அப்படி இல்லை. அதில் விளக்கு அணைந்தால் வெயிலில் வைத்தாலும் வெறும் கருநீலக் கண்ணாடிதான். "அண்ணே, எழுத்தே வரல" என்று வாடிக்கையாளர் சொல்வது பெரும்பாலும் இந்த நீல வகையைப் பற்றித்தான். எழுத்து உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும்.

டார்ச் அடித்தும் எழுத்து தெரியவில்லை. முதல் வரியில் கட்டம் கட்டமாக மட்டும் தெரிகிறது.

கட்டம் தெரிந்தால் டிஸ்ப்ளேவுக்கு சப்ளை வந்திருக்கிறது, ஆனால் மைக்ரோகன்ட்ரோலரிடமிருந்து எழுத்து வரவில்லை. அது வேறு பிரச்சினை. கட்டமும் தெரியவில்லை என்றால் கான்ட்ராஸ்ட் பிரிசெட்டை (ஸ்க்ரூடிரைவரால் திருகும் குட்டி ரெசிஸ்டர்) திருப்பிப் பாருங்கள். 5 வோல்ட் டிஸ்ப்ளேவில் மூன்றாவது காலில் பொதுவாக அரை வோல்ட்டிலிருந்து ஒரு வோல்ட் வரை இருந்தால் எழுத்து தெளிவாக வரும். அந்தக் காலில் 5 வோல்ட் நின்றால் எழுத்து சுத்தமாக மறைந்துவிடும். பேக்லைட் பழுது என்று கொண்டுவருவதில் சில, இந்தப் பிரிசெட்டை யாரோ திருப்பி வைத்ததால் வந்தவை.

சிவப்பு எண் தெரியும் ஏழு-செக்மென்ட் டிஸ்ப்ளே, ஓ.எல்.ஈ.டி. இரண்டிலும் பேக்லைட்டே கிடையாது. அவை தாமாக எரிபவை. இந்தப் பக்கம் அவற்றுக்குப் பொருந்தாது.

மீட்டரை வைக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

போர்டு எங்கிருந்து 5 வோல்ட் எடுக்கிறது என்று பாருங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

டிரான்ஸ்ஃபார்மர் இருந்தால், அல்லது தனி அடாப்டரில் ஓடினால் கவலை குறைவு. ஆனால் வாஷிங் மெஷின், சுவர் சுவிட்ச், மலிவான டைமர் போன்ற பல போர்டுகளில் டிரான்ஸ்ஃபார்மரே இருக்காது. எக்ஸ்-2 என்று அச்சிட்ட, மெயின்ஸில் போடுவதற்கான பெரிய செவ்வகக் கெப்பாசிட்டர் ஒன்று மின்னோட்டத்தைக் குறைத்துக் கொடுக்கும். அல்லது தனிமைப்படுத்தாத சின்ன ஐ.சி. ஒன்று 310 வோல்ட் டி.சி.யிலிருந்து நேராக 5 வோல்ட்டுக்கு இறக்கும். இந்த வகையில் டிஸ்ப்ளேவின் கிரவுண்ட் கால் கரன்ட் லைனோடு நேரடியாக இணைந்திருக்கும். அதற்கும் அதன் 5 வோல்ட் காலுக்கும் நடுவில் அளந்தால் 5 வோல்ட்தான் காட்டும். ஆனால் அந்தக் காலை நீங்கள் தொட்டால் உங்களுக்கும் தரைக்கும் நடுவில் 230 வோல்ட். "வெறும் அஞ்சு வோல்ட்தானே" என்று விரலை வைத்து அடி வாங்கியவர்கள் நிறைய. எர்த் உள்ள ஆஸிலோஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை அங்கே மாட்டினால் போர்டின் செம்பு டிராக் வெடிக்கும், சில நேரம் ஸ்கோப்பும் போகும். அந்த நிலையில் போர்டை லேப்டாப்பின் யூ.எஸ்.பி.யில் இணைப்பதும் அதே கதைதான்.

என்ன செய்யலாம்? மெயின்ஸைக் கழற்றிவிடுங்கள். தனி 5 வோல்ட் அடாப்டரிலிருந்து போர்டின் 5 வோல்ட் லைனுக்கு சப்ளை கொடுத்து மேஜையில் வைத்துச் சோதியுங்கள். பேக்லைட் பழுதில் பெரும்பகுதியை இப்படியே கண்டுபிடித்துவிடலாம். மெயின்ஸில் ஓட்டித்தான் பார்க்க வேண்டும் என்றால் சீரிஸ் பல்பு (போர்டோடு தொடராக ஒரு குண்டு பல்பு) போட்டு, மெயின்ஸோடு நேரடி இணைப்பை அறுக்கும் ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துப் பாருங்கள். சீரிஸ் பல்பு போர்டைக் காப்பாற்றும், உங்களைக் காப்பாற்றாது. அதற்கு ஐசோலேஷன்தான் வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எக்ஸ்-2 கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கலாம். அதன் குறுக்கே இருக்கும் ரெசிஸ்டர் ஓபன் ஆகியிருந்தால், அதாவது உள்ளே அறுந்திருந்தால், நன்றாகவே உதைக்கும்.

பேக்லைட்டுக்கு எந்தக் கால்?

16 கால் உள்ள டிஸ்ப்ளேவில் 15 பாசிட்டிவ், 16 நெகட்டிவ். போர்டில் ஏ, கே என்று எழுதியிருக்கும், ஏ பாசிட்டிவ். 14 கால் மட்டும் இருந்தால் அது பேக்லைட் இல்லாத மாடல், அல்லது விளக்குக்குப் பக்கவாட்டில் தனி இரண்டு கால் இருக்கும். சில கம்பெனி மாடல்களில் 15, 16 இடம் மாறியிருக்கும். வேறு சிலவற்றில் வரிசையே 15, 16, 1, 2 என்று தொடங்கும். புது டிஸ்ப்ளே போட்டதிலிருந்து விளக்கு எரியவில்லை என்றால் முதல் சந்தேகம் இதன் மேல் விழட்டும். பின்பக்கம் அச்சிட்டதைப் படித்துவிட்டுச் சால்டர் செய்வது நல்லது.

15, 16-க்கு நடுவில் எத்தனை வோல்ட் வர வேண்டும்?

டிஸ்ப்ளேவுக்குள்ளேயே ரெசிஸ்டர் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இன்று கடையில் கிடைக்கும் நீல, பச்சை 1602 (16×2-தான்) மாடல்கள் பலவற்றில், பின்பக்கம் 15, 16-க்குப் பக்கத்தில் 101 என்று எழுதிய குட்டி ரெசிஸ்டர் இருக்கும். 10-க்குப் பின்னால் ஒரு பூஜ்யம், அதாவது 100 ஓம். அப்படி இருந்தால் இரண்டு காலுக்கும் நடுவில் ஏறக்குறைய 5 வோல்ட் இருக்க வேண்டும். உள்ளே ரெசிஸ்டர் இல்லாத மாடலில், எரியும்போது எல்.ஈ.டி.யின் சொந்த வோல்ட்டேஜ்தான் தெரியும்: வெள்ளைக்கு 3 வோல்ட்டுக்குச் சற்று மேல், பழைய மஞ்சள்-பச்சைக்கு 4.2 வோல்ட் அளவில். பழைய வகையில் இரண்டிரண்டு எல்.ஈ.டி.யாகத் தொடர் கட்டியிருப்பதால்தான் அந்த 4.2.

இனி அளவைப் படிப்பது. இரண்டு காலுக்கும் நடுவில் முழு 5 வோல்ட் இருக்கிறது, விளக்கு இல்லை என்றால் டிஸ்ப்ளேவுக்கு உள்ளே ஓபன். அந்த 101 ரெசிஸ்டரை முதலில் பாருங்கள், எல்.ஈ.டி. போவதைவிட ரெசிஸ்டரின் சால்டர் விடுவது சுலபம். நடுவில் ஒன்றுமே இல்லை என்றால் பழுது போர்டுப் பக்கம். அப்போது மீட்டரின் கறுப்பு புரோபை போர்டு கிரவுண்டில் வைத்து 15-ஐத் தனியாக, 16-ஐத் தனியாக அளக்க வேண்டும்.

15-இல் 5 வோல்ட் இல்லை என்றால் சப்ளை லைனைத் தேடுங்கள். 15-இல் 5 இருக்கிறது, 16-இல் இரண்டு மூன்று வோல்ட் காட்டுகிறது என்றால் குழம்ப வேண்டாம். அது சும்மா மிதக்கும் வோல்ட்டேஜ். கீழே இருக்கும் டிரான்சிஸ்டர் திறக்கவில்லை. மீட்டர் வழியாகப் போகும் துளி கரன்ட்டில் எல்.ஈ.டி. கொஞ்சம் வோல்ட்டேஜைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் காட்டுகிறது. விளக்கு சரியாக எரியும்போது 16-இல் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் இருக்க வேண்டும்.

எல்.ஈ.டி. உயிரோடு இருக்கிறதா என்று தனியாக எப்படிப் பார்ப்பது?

போர்டிலிருந்து கனெக்டரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை டயோடு மோடில் வைத்து 15-இல் சிவப்பு, 16-இல் கறுப்பு. இருட்டில் பார்த்தால் லேசாக மினுங்கலாம். மினுங்கவில்லை என்பதற்காகச் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். பல மலிவு மீட்டர்கள் டயோடு மோடில் 3 வோல்ட்டுக்குக் குறைவாகத்தான் கொடுக்கும். வெள்ளை எல்.ஈ.டி.க்கு அது பற்றாது, மஞ்சள்-பச்சைத் தொடருக்கு நிச்சயம் பற்றாது.

நம்பகமான வழி: 9 வோல்ட் பேட்டரி, அதோடு தொடராக ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். ஐந்தாறு மில்லிஆம்பியர்தான் போகும். எதையும் எரிக்காது, நல்ல வெள்ளை எல்.ஈ.டி. என்றால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், மஞ்சள்-பச்சை என்றால் கையால் மறைத்துப் பார்க்க வேண்டும். எரிந்தால் டிஸ்ப்ளேவை ஒதுக்கி வைத்துவிட்டு போர்டுக்கு வாருங்கள்.

டிரான்சிஸ்டரை எப்படிச் சோதிப்பது?

பெரும்பாலான போர்டுகளில் 16-ஆம் கால் ஒரு என்.பி.என். டிரான்சிஸ்டரின் கலெக்டருக்குப் போகும், எமிட்டர் கிரவுண்டில், பேஸ் ஒரு ரெசிஸ்டர் வழியாக மைக்ரோகன்ட்ரோலரில். மூன்று கால் குட்டி எஸ்.எம்.டி.யாக இருக்கும். மேலே ஜே3ஒய் என்று எழுதியிருந்தால் எஸ்8050.

முதலில் ஒரே அடியில் பாதி விடை தரும் சோதனை. தொடர் ரெசிஸ்டர் இருப்பதை உறுதிசெய்துகொண்டு, ஒரு சின்ன வயரால் கலெக்டரையும் எமிட்டரையும் ஒரு நொடி இணையுங்கள். விளக்கு எரிந்தால் எல்.ஈ.டி., ரெசிஸ்டர், கேபிள், சப்ளை எல்லாம் சரி. பழுது டிரான்சிஸ்டரில், அல்லது அதற்கு வரும் உத்தரவில்.

அப்புறம் பேஸை அளங்கள். 0.7 வோல்ட் அளவில் இருந்து, கலெக்டர் கீழே இறங்கவில்லை என்றால் டிரான்சிஸ்டர் போய்விட்டது, அல்லது அதன் ஒரு காலில் டிரை சால்டர் (சரியாகப் பிடிக்காத சால்டர்). பேஸில் 3, 5 என்று முழு வோல்ட்டேஜ் ஏறி நின்றால் உள்ளே பேஸ்-எமிட்டர் ஓபன், அல்லது எமிட்டர் கிரவுண்டைத் தொடவே இல்லை. பேஸில் பூஜ்யம் என்றால் ரெசிஸ்டரின் மறுபக்கத்தை அளக்க வேண்டும். அங்கே வோல்ட்டேஜ் இருந்தால் ரெசிஸ்டர் ஓபன், அல்லது பேஸ் கிரவுண்டோடு ஷார்ட். அங்கும் இல்லையென்றால் மைக்ரோகன்ட்ரோலர் விளக்கைப் போடச் சொல்லவே இல்லை.

பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி உள்ள போர்டில் இந்த அளவுகள் இடைப்பட்டதாக வரும். உத்தரவு வேகமாக அணைந்து எரியும் துடிப்பாக வருகிறது. மீட்டர் அதன் சராசரியைக் காட்டுகிறது. 5 வோல்ட் துடிப்பு பாதி நேரம் மட்டும் இருந்தால் 2.5 என்று வரும். அதைப் பழுது என்று நினைத்து எதையும் மாற்றிவிட வேண்டாம்.

எல்லாம் சரி, உத்தரவுதான் வரவில்லை. மைக்ரோகன்ட்ரோலர் போய்விட்டதா?

அவசரப்பட வேண்டாம். பேட்டரியில் ஓடும் தராசு, இன்வெர்ட்டர் எல்லாம் சற்று நேரத்தில் பேக்லைட்டைத் தானாக அணைத்துவிடும்படி எழுதியிருப்பார்கள். ஏதாவது பட்டனை அழுத்தினால் எரியும். பட்டனே தேய்ந்து போயிருந்தால் எரியாது. அப்போது பழுது பட்டனில். மெனுவில் பிரகாசம் பூஜ்யத்தில் வைக்கப்பட்டிருக்கலாம். எந்தப் பட்டன் எது என்று டார்ச் அடித்துப் பார்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

ஆர்டுயினோக்காரர்களுக்கு: டிஸ்ப்ளேவின் முதுகில் ஐ2சி மாட்யூல் (இரண்டே சிக்னல் வயரில் டிஸ்ப்ளேவை இயக்கும் குட்டி போர்டு) ஒட்டியிருந்தால், அதன் ஓரத்தில் இரண்டு பின் மேல் ஒரு ஜம்பர் மூடி இருக்கும். பேக்லைட் அது வழியாகத்தான் போகிறது. மூடி விழுந்தால் எழுத்து வரும், வெளிச்சம் வராது. ஜம்பர் இருக்கிறது என்றால் புரோகிராமில் பேக்லைட்டைப் போடும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த மாட்யூலில் உள்ள பி.சி.எஃப்.8574 ஐ.சி.யின் ஒரு கால்தான் டிரான்சிஸ்டரை இயக்குகிறது. எந்தக் கால் என்பது சில பழைய மாட்யூல்களில் வேறுபடும், அப்போது லைப்ரரியில் கால் வரிசையை மாற்றிச் சொல்ல வேண்டும்.

3.3 வோல்ட்டில் இந்த டிஸ்ப்ளேவை ஓட்டுபவர்கள் "மங்கலாக எரிகிறது" என்பார்கள். அப்படித்தான் எரியும். எல்.ஈ.டி.க்கே 3.1 போனால் 100 ஓம் ரெசிஸ்டரில் மிஞ்சுவது 0.2 வோல்ட், கரன்ட் 2 மில்லிஆம்பியர். 15-ஆம் காலை 5 வோல்ட்டுக்கு மாற்றினால் 19 மில்லிஆம்பியர் கிடைக்கும்.

ஆர்டுயினோ மேல் செருகும், பட்டனோடு வரும் எல்.சி.டி. ஷீல்டில் பத்தாம் பின் பற்றி ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்?

காரணம் இருக்கிறது. அந்த ஷீல்டின் பல பிரதிகளில் ஆர்டுயினோவின் டி10 பின், நடுவில் ரெசிஸ்டர் இல்லாமல் நேராக டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகிறது. டி10-ஐ அவுட்புட்டாக வைத்து ஹை கொடுத்தால், அந்தப் பின்னிலிருந்து பேஸ் வழியாகக் கிரவுண்டுக்கு அளவுக்கு மீறிய கரன்ட் பாய்கிறது. நாளடைவில் அந்தப் பின் செத்துப்போகலாம். அணைக்க வேண்டுமென்றால் அவுட்புட் லோ. எரிய வேண்டுமென்றால் பின்னை இன்புட்டாக விட்டுவிடுங்கள், ஷீல்டில் பேஸை 5 வோல்ட் பக்கம் இழுக்கும் புல்-அப் ரெசிஸ்டர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

ரிலே ஆன் ஆகும்போது மட்டும் பேக்லைட் மங்குகிறது.

இது விளக்கின் பழுதே இல்லை. 5 வோல்ட் தொய்கிறது, விளக்கு அதைக் காட்டிக்கொடுக்கிறது. சொல்லப்போனால், கண்ணுக்குத் தெரியும் இலவச வோல்ட்மீட்டர்.

டிரான்ஸ்ஃபார்மர் போர்டு என்றால் ஃபில்டர் கெப்பாசிட்டரைப் பாருங்கள். தலை உப்பியிருக்கிறதா, அடியில் கசிவு இருக்கிறதா என்று. உப்பாமலும் காய்ந்து போயிருக்கலாம். அதே மதிப்பில் நல்லது ஒன்றை இணையாக வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எக்ஸ்-2 கெப்பாசிட்டரில் ஓடும் போர்டு என்றால் அந்தக் கெப்பாசிட்டரே சந்தேகத்துக்குரியது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் சுமார் 72 மில்லிஆம்பியர் விடும். பாதி அலையை மட்டும் எடுக்கும் சர்க்கியூட்டில் உபயோகத்துக்குக் கிடைப்பது அதிலும் பாதிக்குக் கீழே. லைனில் வரும் ஒவ்வொரு வோல்ட்டேஜ் எகிறலுக்கும் இந்தக் கெப்பாசிட்டரின் உள் உலோகப் படலம் கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்கிறது. அதற்கு விலையாக மதிப்பு குறைந்துகொண்டே போகும். பார்க்கப் புதிதுபோல் இருக்கும். கழற்றி அளந்தால் 1 இருக்க வேண்டிய இடத்தில் 0.5 காட்டும். கரன்ட்டும் பாதியாகிவிட்டது. முதலில் பேக்லைட் மங்கும், அப்புறம் ரிலே டக டகவென்று அடிக்கும், கடைசியில் போர்டு திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். மாற்றும்போது எக்ஸ்-2 என்று அச்சிட்டதையே போட வேண்டும். 400 வோல்ட் சாதாரண கெப்பாசிட்டர் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வைக்காதீர்கள். ஷார்ட் ஆனால் போர்டே கருகும்.

அதே கலர் டிஸ்ப்ளே கிடைக்கவில்லை. பச்சைக்குப் பதில் நீலம் போடலாமா?

போடலாம், ரெசிஸ்டரைக் கணக்குப் போட்டுவிட்டு. இந்த இடத்தில்தான் நல்ல டிஸ்ப்ளேக்கள் நிறைய சாகின்றன.

பழைய மஞ்சள்-பச்சை வகை 100 மில்லிஆம்பியருக்கு மேல் கேட்கும். 120 என்று வைத்தால், 5-இல் 4.2 போக மிச்சம் 0.8 வோல்ட், 0.8-ஐ 0.12-ஆல் வகுத்தால் 6.7 ஓம். எனவே போர்டில் 6.8 ஓம் ரெசிஸ்டர் போட்டிருப்பார்கள். அதே இடத்தில், உள்ளே ரெசிஸ்டர் இல்லாத வெள்ளை எல்.ஈ.டி. மாடலை மாட்டினால்? 5-இல் 3.1 போக 1.9 வோல்ட், 6.8-ஆல் வகுத்தால் 280 மில்லிஆம்பியர். 20 போதும் என்கிற எல்.ஈ.டி.க்கு அது. போட்டவுடன் பளீரென்று எரியும், வாடிக்கையாளருக்கும் மகிழ்ச்சி, அன்றைக்கே திரும்பி வருவார். 100 ஓமுக்கு மாற்றிவிடுங்கள்.

தலைகீழாகச் செய்தால் ஆபத்தில்லை, ஆனால் பயனும் இல்லை. 100 ஓம் உள்ள இடத்தில் மஞ்சள்-பச்சையைப் போட்டால் 8 மில்லிஆம்பியர்தான் கிடைக்கும். விளக்கு எரிகிறதா என்று கையால் மறைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். எக்ஸ்-2 கெப்பாசிட்டர் போர்டில் 120 மில்லிஆம்பியர் டிஸ்ப்ளே வைக்க நினைப்பதே வீண். அந்த சப்ளையால் கொடுக்கவே முடியாது.

பாதி மட்டும் எரிகிறது, அல்லது வெள்ளை நிறம் நீலமாகிவிட்டது.

ஓரத்தில் இரண்டு மூன்று எல்.ஈ.டி. இணையாக வைத்திருக்கும் மாடலில் ஒன்று போனால் அந்தப் பக்கம் இருட்டு. பல நாள் எரிந்த வெள்ளை எல்.ஈ.டி.யின் மேலே இருக்கும் பாஸ்பர் பூச்சு கெட்டால் அடியில் இருக்கும் நீலம் வெளியே தெரியும். இரண்டுக்கும் எல்.ஈ.டி.யை மாற்றுவதுதான் வழி.

அதை நானே மாற்ற முடியுமா?

முடியும், பொறுமை இருந்தால். புது டிஸ்ப்ளே விலை குறைவு என்பதால் சாதாரண 16×2-க்கு இந்தப் பாடு தேவையில்லை. சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ வாங்கிவிடலாம். விசேஷ அளவில், அந்தக் கம்பெனி மட்டும் போடும் டிஸ்ப்ளே என்றால் திறந்து பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

உலோகச் சட்டத்தைப் பிடித்திருக்கும் காதுகளைப் பின்பக்கம் நோஸ் பிளையரால் நேராக்குங்கள். நாலைந்து முறை திருகினால் காது முறிந்துவிடும். சட்டத்தைத் தூக்கியதும் கண்ணாடிக்கும் போர்டுக்கும் நடுவில் ரப்பர் பட்டை ஒன்று தெரியும். அதில் கோடுகோடாகக் கரி ஓடுகிறது, அதன் வழியாகத்தான் கண்ணாடிக்குச் சிக்னல் போகிறது. அதை விரலால் தொடாதீர்கள், எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று போட்டோ எடுத்து வையுங்கள். கை எண்ணெய் பட்டால் திரும்ப மூடியதும் எழுத்தில் கோடு விடும். பட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். அடியில் வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு, அதன் ஓரத்தில் எல்.ஈ.டி. அதே உயரத்தில் இருக்கும் எல்.ஈ.டி.யைப் போட்டால்தான் ஒளி தகட்டுக்குள் நுழையும். உயரம் கொஞ்சம் தவறினாலும் ஓரம் மட்டும் எரிந்து நடு இருட்டாக இருக்கும்.

மினுக்கு மினுக்கு என்று அடிக்கிறது.

கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது மாறினால் கனெக்டர் அல்லது டிரை சால்டர். கண்ணுக்குச் சரியாக இருந்து மொபைல் கேமராவில் மட்டும் பட்டை பட்டையாகத் தெரிந்தால் அது பிரகாசத்தைக் குறைக்கும் துடிப்பு, பழுது இல்லை.

டச் ஸ்கிரீன் பேனலில் ஆன் செய்ததும் ஒரு நொடி வெளிச்சம் வந்து அணைகிறது.

டச் பேனலில் இருக்கும் வண்ணத் திரையான டி.எஃப்.டி.யில் எல்.ஈ.டி.கள் தொடராக இருக்கும். உதாரணமாக 7 அங்குல வகைகள் பலவற்றில் மூன்று மூன்றாக. அதற்கு 9, 10 வோல்ட் வேண்டும். 5 வோல்ட்டிலிருந்து அதை ஏற்றிக்கொடுக்க ஒரு சுருள், ஷாட்கி டயோடு, ஐ.சி. கொண்ட பூஸ்ட் சர்க்கியூட் இருக்கும்.

அந்த டயோடைத் தாண்டி வரும் வோல்ட்டேஜ்தான் எல்லாவற்றையும் சொல்கிறது. இன்புட் 5, அவுட்புட் 4.7 என்று நின்றால் பூஸ்ட் வேலையே தொடங்கவில்லை. ஐ.சி.யின் எனேபிள் காலுக்கு உத்தரவு வருகிறதா என்று பாருங்கள், வந்தால் ஐ.சி. மேல் சந்தேகம். அவுட்புட் பூஜ்யம் என்றால் ஃப்யூஸ், சுருள், டயோடு இதில் ஒன்று ஓபன், அல்லது அவுட்புட் கெப்பாசிட்டர் ஷார்ட். அவுட்புட் தேவைக்கு மேல் எகிறி உடனே இறங்கினால் எல்.ஈ.டி. பக்கம் எங்கோ ஓபன்; கரன்ட் திரும்பி வராததால் ஐ.சி. வோல்ட்டேஜை ஏற்றிப் பார்த்துவிட்டுத் தற்காப்பாக நின்றுவிடுகிறது. ஒரு நொடி எரிந்து அணைவதும் இந்தத் தற்காப்பின் வேலையாகவே பெரும்பாலும் இருக்கும். ஐ.சி.யை மாற்றும் முன் ஃப்ளெக்ஸ் கேபிளைக் கழற்றி, கனெக்டர் பூட்டை நன்றாகத் திறந்து, திரும்பச் செருகிப் பூட்டிப் பாருங்கள். பாதி செருகிய கேபிளும் இதே அறிகுறியைத்தான் காட்டும்.

பழைய சி.என்.சி. மெஷின் பேனலில் டியூப் மாதிரி ஒன்று இருக்கிறது. அது என்ன?

சி.சி.எஃப்.எல். என்கிற மெல்லிய குளிர் கேதோடு டியூப். எரியும்போதே சில நூறு வோல்ட், பற்றவைக்க ஆயிரத்துக்கும் மேலே. சாதாரண மீட்டரை அதன் அவுட்புட்டில் வைக்காதீர்கள், மீட்டர் போய்விடும். சிவந்த நிறத்தில் தொடங்கி மெதுவாக வெளுத்தால் டியூப் வயதாகிவிட்டது. உள்ளே பாதரசம் இருப்பதால் உடைக்காமல் எடுக்க வேண்டும். வெட்டிப் பொருத்தும் எல்.ஈ.டி. பட்டையும் அதற்கான டிரைவரும் கிட்டாகக் கிடைக்கின்றன; டியூப் தேடி அலைவதைவிட அது மேல்.

தாள் போல் மெல்லியதாக, பச்சை-நீலமாக ஒளிரும் இன்னொரு பழைய வகை உண்டு, எலக்ட்ரோலுமினசென்ட். அதற்கு 100 வோல்ட் அளவில், சில நூறு ஹெர்ட்ஸ் ஏ.சி. வேண்டும். பக்கத்தில் கொசு போல ரீங்காரம் கேட்டால் கன்வெர்ட்டர் வேலை செய்கிறது, தாள்தான் தீர்ந்துவிட்டது. எரிய எரிய மங்கிப்போவது அதன் இயல்பு.

கடலோர ஊர். போர்டு முழுக்கப் பச்சைப் பூத்திருக்கிறது.

பேக்லைட் டிரான்சிஸ்டரின் மெல்லிய டிராக்கை உப்புக் காற்று அரித்திருக்கும். பழைய பிரஷ்ஷில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் தேய்த்து, நன்கு காயவைத்து, கன்டினியூட்டி பார்த்து, விட்ட இடத்தில் மெல்லிய எனாமல் வயர் போடுங்கள். பல்லி செத்துக் கிடந்த போர்டுக்கும் இதே வைத்தியம். வாஷிங் மெஷின் போர்டில் ரெசின் ஊற்றியிருந்தால் டிரான்சிஸ்டர் இருக்கும் இடத்தில் மட்டும் ஹாட் ஏரால் இளக்கிச் சுரண்டலாம். வேலை முடிந்ததும் அந்தக் குழியை நியூட்ரல் வகை சிலிக்கோனால் மூட வேண்டும். புளிப்பு வாசனை அடிக்கும் சிலிக்கோன் செம்பை அரிக்கும்.

பேக்லைட் அணையவே மாட்டேன் என்கிறது. அதுவும் பழுதா?

ஆம். டிரான்சிஸ்டரின் கலெக்டர்-எமிட்டர் ஷார்ட் ஆகியிருக்கும். சப்ளையை நிறுத்திவிட்டு இரண்டுக்கும் நடுவில் ஓம் பாருங்கள்; இரண்டு திசையிலும் பூஜ்யத்துக்கு அருகில் காட்டினால் எஸ்8050 ஒன்றை மாற்றினால் போதும். ஓம் சரியாக இருந்தால் பேஸை அளங்கள். அணைக்கும் நேரத்திலும் அங்கே 0.7 வோல்ட் நின்றால் மைக்ரோகன்ட்ரோலரின் அந்தக் கால் ஹையில் மாட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ஈரத்தால் பக்கத்து டிராக்கிலிருந்து கசிகிறது. மெயின்ஸில் ஓடும் போர்டு என்றால் அப்படியே விட்டுவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை. பேட்டரியில் ஓடும் தராசு என்றால் இரவு முழுக்க எரிந்து பேட்டரியைக் காலி செய்துவிடும், அதைச் சரிசெய்துதான் கொடுக்க வேண்டும்.